அம்மாவின் புஜங்காசனம்

தம்பி பிறந்தபின் அம்மாவின் இடுப்பில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. சுவரைப் பிடித்துத்தான் எழுவார். பற்றுக்கும் எண்ணெய்க்கும் அது மசியவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மாவின் தம்பி கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தாவாக இருந்தார். அங்கே யாரிடமோ ஆசனங்கள் பழகியிருந்தார். காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்தபோது, ஜமக்காளத்தில் குப்புறப் படுத்துப் புஜங்காசனம் செய்து காட்டினார்.

“கைய நெஞ்சுக்குப் பக்கத்துல ஊணிக்கிட்டு மெல்லத் தலையத் தூக்கோணுங்க்கா. பாம்பு படமெடுக்கற மாதிரி. தொப்புளு தரைய உட்டு எந்திரிக்கக் கூடாது.”

அப்பா தோட்டத்துக்குப் போனதும் அம்மா கதவைச் சாத்திக்கொள்வார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து பத்து வரை எண்ணுவேன். “ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு” என்பார். முதல் வாரம் மோவாய்கூடச் சரியாக எழவில்லை. இரண்டு மாதத்தில் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தம்பிக்குக் காதுகுத்து வந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள். அத்தை மகள் கும்மியடித்துக் காட்ட, எல்லோரும் அவளைக் கொஞ்சினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளிகளுக்கு விரித்திருந்த ஜமக்காளத்தில் குப்புற விழுந்து தலையைத் தூக்கினேன்.

“எங்கம்மா தெனமும் இப்பிடித்தானுங்க பண்ணுவாங்க!”

நாக்கை நீட்டி உஸ்ஸென்று சீறியது என் சொந்தச் சரக்கு. வீடே சிரித்தது. “ஏனுங்க அம்மணி, சர்க்கஸ்ல சேரப் போறீங்களாக்கும்?” என்று அம்மாவைக் கேட்டார் அத்தை. வாசலில் இருந்த ஆண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதனால் இன்னொரு தரம் சீறிக் காட்டினேன்.

அம்மா அதற்குப் பிறகு அந்த ஆசனத்தைச் செய்யவே இல்லை. நாற்பது வயதுக்குள் கோலூன்றி நடந்தார். மணக்கோலத்தில் நின்ற என் நெற்றியில் திருநீறு பூச, அவருக்காக நான்தான் குனிய வேண்டியிருந்தது. ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

காதுகுத்துக்கு மறுநாள் காலை, வழக்கம்போல் நானே கதவைச் சாத்தி ஜமக்காளத்தை விரித்தேன். அம்மா அதை எடுத்து மடித்து வைத்தார்.

“வேண்டாங் கண்ணு. வலியெல்லாம் போயிருச்சு.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “அம்மாவுக்கு நல்லாயிருச்சுங்க!” என்று கத்திக்கொண்டே அப்பாவிடம் சொல்லத் தோட்டத்துக்கு ஓடினேன்.