அத்தானின் மைக்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊர் உலகமெல்லாம் விண்டோஸ் வைத்திருந்தால் இவர் மட்டும் லினக்ஸ்தான் வைப்பார். "என் கம்ப்யூட்டர் என் பேச்சைக் கேக்கணும்மா, கம்பெனி பேச்சை இல்ல" என்பார். கேட்டுக் கிழித்தது! அதனோடு மல்லுக்கட்டியே அவருக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. அக்கா அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள். "சக்களத்தி இன்னைக்கு எப்படி இருக்கா?" என்று இவள் கேட்டால், "முறைச்சுக்கிட்டு இருக்கா" என்று அத்தானின் அறையிலிருந்து பதில் வரும்.

முறைப்பெல்லாம் ஆபீஸ் ஆப்பில்தான். பேசுவது, எழுதுவது, மீட்டிங் எல்லாம் கம்பெனியில் ஒரே ஆப்பில் நடந்தன. அதைச் செய்தவர்கள் லினக்ஸுக்கென்று தனியாக எதுவும் தரவில்லை. அத்தான் பிரவுசரில் திறந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் கேமரா வராது, ஒருநாள் தன் திரையை மற்றவர்களுக்குக் காட்ட முடியாது. "போன்லயாவது போட்டுத் தொலைங்களேன்" என்று நான் கத்தியிருக்கிறேன். போட்டால், கம்பெனி நினைத்த நேரத்தில் போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட முடியுமாம். அக்காவின் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறதாம். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் ஆனது, மாதக்கணக்கில் மருந்து ஏறியது. கடைசியில் டாக்டர் அத்தானையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்த அத்தான், "மருந்து நல்லா பிடிச்சிருச்சாம், இனி ரெஸ்ட் எடுத்தாப் போதுமாம்" என்று அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். 

அந்த நேரம் பார்த்துத்தானா கம்பெனிக்காரன் எல்லோரும் ஆபீசுக்கு வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும்? அதுவரை அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். வேலையை விட்டுவிடலாம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும் இன்சூரன்ஸும் கூடவே போய்விடும். வர முடியாதவர்கள் மீட்டிங்கில் மேனேஜரிடம் வாயால் காரணம் சொல்ல வேண்டுமாம். எழுதிக் கொடுத்தால் ஆகாதாம்.

மீட்டிங் அன்று காலை அத்தான் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அக்கா கூப்பிட்டால் தெரியட்டும் என்று அவர் எப்போதும் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பார். அன்றைக்கும் பழக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார். இரண்டு காதிலும் ஹெட்போன். அதை மாட்டினால் நாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது யாருக்குத்தான் தெரிகிறது? நான் ஹாலில் கட்டிலில் படுத்திருந்த அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், என் மனைவிக்கு இனிமே வைத்தியம் இல்லன்னுட்டாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு மாசம் இருந்தா அதிகமாம். அவளுக்கு இது தெரியாது சார். பக்கத்துல இருந்து நல்லபடியா அனுப்பி வைக்கணும். அந்த ரெண்டு மாசம் மட்டும் குடுங்க. அப்புறம் எங்க வரச் சொன்னாலும் வர்றேன். அப்புறம் எனக்கு வீட்ல என்ன வேலை இருக்கு?"

நான் கதவைச் சாத்தப் பாய்ந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ!

"உக்காரு. அவர் பேசி முடிக்கட்டும்."

உள்ளே பேச்சு முடிந்தது. பிறகு மேஜையைக் குத்தும் சத்தம். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அத்தான் வெளியே வந்தார்.

"கழுத்தறுத்துட்டா சக்களத்தி! நான் பேசினதுல ஒரு வார்த்தைகூட அங்க போகல."

நடந்தது இதுதான். அவருடைய கம்ப்யூட்டரில் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'மானிட்டர்' என்றும் ஒன்று உண்டு. ஹெட்போனில் கேட்பதையே அது திருப்பி அனுப்பும். பதற்றத்தில் அதைத் தொட்டுவிட்டார். மற்றவர்கள் பேசும்போது திரையில் மைக்கின் சத்தத்தைக் காட்டும் கோடு துள்ளியதைப் பார்த்து, மைக் சரியாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அங்கே இருந்தவர்களுக்குத் தங்கள் குரலே எதிரொலித்ததால், பேச்சை நிறுத்திவிட்டு 'கேட்கவில்லை' என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இவரோ கண்ணை மூடிக்கொண்டு பேசியிருக்கிறார்.

"மத்தியானம் திரும்பப் பேசச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"என்னத்த?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம்."

"எனக்குக் கேட்டுச்சுங்க."

மனிதர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியுமாடி?" என்றாள். தலையை ஆட்டினேன். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பச்சப்புள்ளன்னு நினைச்சுட்டீங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மத்தியானம் மீட்டிங் லிங்க்கை, கம்பெனிக் கணக்கு எதுவும் போடாமல், என் போனில் திறந்து கொடுத்தேன். அத்தான் நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்தபடியே பேச ஆரம்பித்தார். "என் மனைவிக்கு இனிமே..." என்பது வரைக்கும் வந்தது. பிறகு "டாக்டர் வந்து..." என்றார். அதற்கு மேல் வாய் வரவில்லை. "ஹலோ, இப்பவும் கேக்கலையே" என்றார் மேனேஜர்.

அக்கா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், நான் அவர் சம்சாரம் பேசறேன். கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா, சொல்லுங்க."

"எனக்கு ரெண்டு மாசம்னு சொல்லியிருக்காங்க சார். அதுவரைக்கும் இவரை எங்கிட்டயே விட்டுருங்க."