திங்கட்கிழமை செத்த லாரி

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து என் லாரி திங்கட்கிழமைகளில் மட்டும் செத்துக் கிடந்தது. மற்ற நாட்களில் சாவியைத் திருப்பியதும் உறுமும். ஞாயிறு முழுக்க ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கும். மறுநாள் காலை 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். புது பேட்டரி போட்டும் அதே கூத்துதான்.

நான் பழியைத் தம்பிமேல் போட்டேன். பதினோரு வருஷமாக வண்டியை ஓட்டியவன் அவன். ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்திலிருந்து வந்து வண்டியைக் கழுவுவான். கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குடித்தபடி பாட்டுக் கேட்கிறான் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். யாரும் வந்து சொல்லவில்லை. என் பாழாய்ப்போன புத்தி சொன்னது.

மூன்றாவது திங்கள், தள்ள வந்தவர்களுக்கு எதிரிலேயே தம்பியிடம் கேட்டேன், நேற்று பாட்டுப் போட்டானா என்று.

"ரேடியோவையே தொடலண்ணா."

"அப்ப பேட்டரிய பேயாடா குடிச்சுச்சு?"

டாஷ்போர்டில் இருந்த முருகன் படத்தின்மேல் கை வைத்தான். "சாமி சத்தியமா தொடல."

"குடிகாரன் சத்தியத்த எந்தச் சாமிடா கேக்கும்?"

அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வண்டியை நானே பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை, 'டிக்'.

தொம்மலூரிலிருந்து எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். வண்டி அணைந்திருந்தும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மீட்டரில் கரண்ட் குறையவே இல்லை.

"எல்லா ஃப்யூஸும் கழட்டியாச்சுண்ணா, இன்னும் இழுக்குது. யாரோ பேட்டரியில இருந்தே நேரா லைன் எடுத்திருக்காங்க. எந்த முட்டாப்பய பண்ண வேலை இது?"

அந்த முட்டாப்பயல்தான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

வயர் முருகன் படத்துக்குப் பின்னால் போய் முடிந்தது. மந்திரம் சொல்லும் பெட்டி, அதற்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர். ஆயுத பூஜையன்று நான் மாட்டியது. சாவியை எடுத்தாலும் சாமி பேர் நிற்கக்கூடாது என்று நேராக பேட்டரியில் கொடுத்திருந்தேன். இரண்டே நாளில், போன் பேச இடைஞ்சலென்று சத்தத்தை முழுக்கக் குறைத்ததும் நானே. அதோடு மறந்தும் போனேன். ஓடும் நாட்களில் பேட்டரி மறுபடி சார்ஜ் ஏறிவிடும்; ஞாயிறு முழுக்க நின்றால், சத்தமில்லாமல் அது பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். தொட்டால் சுட்டது. தம்பி கை வைத்துச் சத்தியம் செய்தானே, அதற்கு நேர் பின்னால்.

அன்று சாயங்காலமே லிங்கராஜபுரம் போனேன். வாசலுக்கு வந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "தப்பு என்மேலதான்டா. இப்ப தெரிஞ்சுபோச்சு," என்றேன்.

"யார் சொன்னா?"

"எலக்ட்ரீஷியன் மீட்டர் வச்சுப் பாத்தாரு."

கதவின்மேல் கை வைத்தான்.

"பதினோரு வருஷம் வண்டி ஓட்டுன நான் சொன்னேன், நம்பல. மீட்டர் சொன்னதும் நம்பிட்ட. அதையே வச்சு ஓட்டிக்கண்ணா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.