பத்மாவதிக்கு ஒரு சோடி சப்பாத்து

சப்பாத்துக்குள் மூக்கை நுழைத்து ஒருமுறை ஆழ மூச்சிழுத்த பிறகுதான் இளையதம்பியர் வாய் திறப்பார். யாழ்ப்பாணம் பெரியகடையில் சப்பாத்து விற்கும் முதலாளிமாருக்கு அந்த மூக்கைக் கண்டால் ஆகாது. "பசை மணக்குது தம்பி. உள்ளுக்கை மட்டை வைச்சு ஒட்டியிருக்கு. ஒரு மழைக்கு வாயைப் பிளந்திடும்" என்று, வாங்க வந்து நிற்கும் மற்ற நாலு பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, அந்தச் சோடியை முதலாளியின் கையிலேயே மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். மூக்கிடம் தேறியதென்றால் அடுத்தது கை. குதியை ஒரு கையாலும் நுனியை மறு கையாலும் பிடித்து வளைப்பார். கால்விரல் மடியும் இடத்தில் வளைந்தால் தலையை ஆட்டுவார். நடுவில் வளைந்தால், "உது நடக்கிறதுக்கில்லை. கதிரையிலை இருந்து படம் எடுக்கிறதுக்கு" என்பார்.

கரவெட்டிக்காரர். மலாயா றெயில்வேயில் இருபத்தெட்டு வருடம் பாதை இன்ஸ்பெக்டராக இருந்தவர். தைப்பிங் பகுதித் தண்டவாளத்தைக் கட்டைக்குக் கட்டை கால்வைத்து நடந்தே பார்த்து வந்தவர். சல்லிக்கல்லும் மழையும் அட்டையும் அவருக்குப் படிப்பித்ததை எந்தக் கல்லூரியும் படிப்பிக்காது. பென்சனோடு ஊர் திரும்பும் மலாயாக்காரர்கள் தங்கப் பல்லும் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியும் கொண்டு வருவார்கள். இவர் கொண்டுவந்தது காலைப் பற்றிய ஞானம் ஒன்றைத்தான். முகங்கள் அவர் நினைவில் நிற்பதில்லை. சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "அட, எங்கடை இடக்குதி தேய்ஞ்ச வாத்தியார்!" என்று முகம் மலர்வார்.

இந்த வருடம் அந்த ஞானத்துக்கு மவுசு வந்துவிட்டது. சித்திரை வருடம் பிறப்பதற்குச் சற்று முன் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். நாலு நாளில் திருகோணமலையிலும் போட்டான். கொழும்பிலிருந்து சனம் றெயில் நிறைய வந்து இறங்கியது. கரவெட்டியில் பனைகளுக்கிடையே பதுங்குகுழி வெட்டினார்கள். ஒருவர் அரிசி சேர்த்தார், ஒருவர் மண்ணெண்ணெய் சேர்த்தார், இன்னொருவர் போத்தல் போத்தலாக உப்புச் சேர்த்தார். இளையதம்பியர் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டார். "சாப்பாட்டை வழியிலை ஆரும் தருவினம். காலை ஆர் தருவினம்?"

கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவர் முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி ஊருக்கே மனப்பாடம். "பின்னேரம் போய் வாங்கு. காலமைக் கால் பொய் சொல்லும். வீங்கின காலுக்குத்தான் அளவு பார்க்கவேணும்." "கயித்துக்குக் கீழை கிடக்கிற நாக்கை ரண்டு பக்கமும் சேர்த்துத் தைச்சிருக்கோ எண்டு பார். இல்லாட்டில் வெள்ளம் உள்ளுக்கை வந்திடும்." "அடித்தோல் நூலாலை தைச்சிருக்கவேணும். ஆணியை மட்டும் நம்பாதை." கடைசியில் ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏனோ கடுக்கும். "மினுங்கிறதைத் தொடாதை."

புகையிலைத் தோட்டக்காரன் கதிரவேலு பக்கத்து வளவு. அவரைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"அண்ணை, எனக்கொரு சந்தேகம். யப்பான்காரன் வந்திட்டான் எண்டு வையுங்கோ. வடக்கை ஓடினால் கடல். தெற்கை ஓடினால் ஆனையிறவு. சப்பாத்தோடை நிண்டென்ன, வெறுங்காலோடை நிண்டென்ன?"

"ஆனையிறவு தாண்டினால் வன்னி கிடக்குது."

"அங்கை நுளம்பு கடிச்சுச் சாகிறதுக்குச் சப்பாத்து என்னத்துக்கு அண்ணை?"

"நுளம்பு கடிக்கிறதுக்கும் நீ அங்கை போய்ச் சேரவேணுமே! உந்தக் காலோடை நீ கொடிகாமம் தாண்டமாட்டாய். குதியைப் பார், கோடை வயல் மாதிரி வெடிச்சுக் கிடக்கு."

அடுத்த கிழமை கதிரவேலு ஒரு சோடியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று வாசற் படலையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான். இளையதம்பியர் மணந்து பார்த்தார், வளைத்தார், நாக்கை இழுத்தார். "போட்டுக்கொண்டு நட" என்றார். அவன் நாலடி வைப்பதற்குள், நெல் நிரப்பிக் கட்டிய சின்னச் சாக்கொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உதென்னத்துக்கு?"

"ஓடேக்கை வெறுங்கையை வீசிக்கொண்டோ ஓடுவாய்? பாரத்தோடை நடந்தால்தான் சப்பாத்தின்ரை குணம் தெரியும்."

கதிரவேலு சாக்கைத் தோளில் போட்டான்.

"தோளிலை இல்லை. இடுப்பிலை வை."

"நெல்லுச் சாக்கை ஆர் அண்ணை இடுப்பிலை வைக்கிறது?"

"இடுப்பிலை வை எண்டால் வையன்ரா!"

கதிரவேலு பிறகு சிரிக்கவில்லை. சாக்கை இடுப்பில் அணைத்தபடி முற்றத்தை மூன்று முறை சுற்றிவந்தான். ஒரு இரண்டு வயதுப் பிள்ளையின் பாரம் இருக்கும் அது.

பேத்திக்கு இரண்டு வயது. இளையதம்பியர் இன்னும் அவளைக் கண்டதில்லை. ஒரே மகள் பத்மாவதி தைப்பிங்கிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒரு கிளாக்கரைக் கலியாணம் செய்தவள். அவளைக் கரைசேர்த்த கையோடு இவரும் மனைவி நல்லம்மாவும் ஊருக்குக் கப்பலேறினார்கள். இந்த வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்த கடிதம்தான் அவளுடைய கடைசிக் கடிதம். யப்பான்காரன் நெருங்கிவிட்டான், றெயில் ஓடவில்லை, நாளைக் காலை எல்லோருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு நடக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி இருந்தது. "மற்றச் செருப்பு அறுந்துவிட்டது. ஐயா வாங்கித் தந்த கலியாணச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறேன்."

அந்தச் சப்பாத்தைப் பினாங்கில் தேடி வாங்கியவர் இவரேதான். உயர்ந்த குதி, வெள்ளிச் சரிகை, கண்ணைப் பறிக்கும் மினுக்கம். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளையின் காலைப் பார்ப்பார்களே என்று வாங்கினார். கடையில் வைத்து அதையும் மணந்து பார்த்தார். பசை மணந்தது. மணந்தும் வாங்கினார். மோட்டார்க் காரிலிருந்து பந்தல் வாசல் வரை பத்தடி நடக்கத்தானே என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார். தைப்பிங்கிலிருந்து ஈப்போ ஐம்பது மைல். எந்த மைலில் என்ன கல், எந்தப் பாலத்தடியில் எவ்வளவு சேறு என்பதெல்லாம் அவர் கால் அறியும். வேறொரு தகப்பன் என்றால், மகள் எப்படியோ போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடலாம். இவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கண்ணை மூடினால் அந்தப் பாதை தெரிகிறது.

மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு தபால் நின்றது.

வைகாசியில் அவர் பெரியகடைக்குப் போய் ஒரு சோடி தெரிவு செய்தார். அதற்கு நாலு நடை போனார். பெண்களுக்கென்று எந்தக் கடையிலும் உறுதியான சப்பாத்துக் கிடையாது. கடைசியில் பள்ளிக்கூடப் பெடியன்கள் போடும் கறுத்தச் சப்பாத்தில் ஒன்று அவருடைய மூக்கிலும் தேறியது, கையிலும் தேறியது. "ஆருக்கு ஐயா, மகனுக்கோ?" என்று முதலாளி கேட்டார். "பிள்ளைக்கு" என்றார் இளையதம்பியர். மாட்டுத்தோல் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்பது நல்லம்மாவின் சட்டம். அதனால் விறகுக் கொட்டிலில், எலி எட்டாத உயரத்தில் அந்தச் சோடி தொங்குகிறது. ஞாயிறுதோறும் இறக்கி ஆமணக்கெண்ணெய் பூசுவார். கப்பல் என்றைக்கு வந்தாலும் அன்றைக்குக் கொண்டுபோக ஆயத்தமாக இருக்கவேண்டும்.

நல்லம்மாவின் ஆயத்தம் வேறு. சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த அன்று செருப்பைக் கழற்றி வைத்தவள் பிறகு போடவில்லை. மகளின் கடிதம் வரும்வரை வெள்ளிக்கிழமைதோறும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு வெறுங்காலால் நடந்து வருவதாக நேர்த்தி. போக ஆறு மைல், வர ஆறு மைல். ஊரில் எத்தனையோ பெண்கள் பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடக்கிறவர்கள்தான். ஆனால் நல்லம்மாவினுடையது இருபது வருடம் மலாயாவில் வெல்வெற் செருப்புக்குள் இருந்த கால். நீரிழிவும் உண்டு.

"இஞ்சரும், முருகன் எப்பவெண்டாலும் வெறுங்காலோடை வா எண்டு கேட்டவரோ?"

"அவர் கேக்கேல்லை. நான்தான் சொன்னனான். சொல்லிப்போட்டு மாத்த ஏலுமே?"

"அப்ப வண்டி பிடிச்சுத் தாறன். வண்டியிலை போம்."

"பிள்ளை நடக்கேக்கை நான் வண்டியிலை போறதோ?"

ஊர் முழுவதற்கும் சப்பாத்துத் தெரிவு செய்து கொடுக்கும் மனிதர், வெள்ளி விடியலில் படலையில் நின்று, மனைவியின் வெறுங்கால் கல் ரோட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில வெள்ளிகளில் பின்னால் போவார். முன்னால் கிடக்கும் முள்ளைத் தம் சப்பாத்தால் ஒதுக்கிக்கொண்டே போவார். "நீங்கள் வாறதெண்டால் பேசாமல் வாருங்கோ. ரோட்டுக் கூட்டாதேங்கோ" என்பாள் நல்லம்மா.

ஆடியில் கோயிலடித் தொண்டைமானாற்றுக் கரையில் சிப்பி அவள் காலை வெட்டியது. காயத்தில் சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். புண் ஆற இரண்டு மாதம் சென்றது. ஐப்பசியில் அதே காலில் இன்னொரு வெட்டு. அது ஒருபடி மூடியபின், மருந்து கட்டிய அப்போதிக்கரி ஐயா இளையதம்பியரைத் தனியே அழைத்துச் சொன்னார். "இன்னொருக்கால் வெட்டினால் பாதத்தைக் காப்பாற்ற என்னாலை ஏலாது. செருப்பும் போதாது. கால் முழுக்க மூடிக் கிடக்கவேணும்."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். "முருகன் பார்த்துக்கொள்ளுவார்" என்றாள். கோபித்தார். மூன்று நாள் அவளோடு கதைக்காமல் இருந்தார். அவள் நேரத்துக்குச் சோறு போட்டுத் தந்தாள். அடுத்த வெள்ளி வந்தது. நடந்தாள்.

சென்ற வியாழக்கிழமை பின்னேரம். கார்த்திகை மழை சற்று விட்டிருந்தது. நல்லம்மா குசினி வாசற்படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளையதம்பியர் விறகுக் கொட்டிலிலிருந்து அந்தச் சோடியை எடுத்துவந்து, படிக்கு வெளியே ஈரமண்ணில் பலகை போட்டு அதன்மேல் வைத்தார்.

"இறுகிப்போய்க் கிடக்குது" என்றார்.

நல்லம்மா நிமிரவில்லை. "அதுக்கு?"

"புதுச் சப்பாத்து, நல்லம்மா. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் நடந்து பழக்காட்டில் கடிக்கும். அவள் ஏற்கெனவே கால் நொந்துபோய் வருவாள். வந்திறங்கினவுடனை உதைப் போட்டால் குதித்தோல் உரிஞ்சு போம். ஆரும் போட்டு நடந்து குடுக்கவேணும்." ஒரு சப்பாத்தைத் தம் பாதத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினார். "என்ரை கால் உதுக்குள்ளை போகாது."

நல்லம்மாவின் கை கீரைக் கட்டில் நின்றது. பத்மாவதி பதின்மூன்று வயதிலிருந்தே தாயின் செருப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள். இருவருக்கும் ஒரே அளவு. அந்தச் சோடிக்கு அளவாகக் கடைக்குப் போனதே நல்லம்மா கழற்றி வைத்த செருப்புத்தான். அது அவளுக்குத் தெரியும். அன்று அதை வைத்த இடத்தில் காணாமல் தேடியவள், அவரிடம் கேட்காமல் விட்டாள்.

"எவ்வளவு தூரம் நடக்கவேணும்?" என்று கேட்டாள்.

"அம்பது மைல் எண்டாலும் நடக்கவேணும்."

அந்த எண்ணைக் கேட்டு அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் தேங்கி நின்ற மழைநீரைப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. "சந்நிதிக்குப் போய்வரப் பன்ரண்டு. நாலு வெள்ளி."

"நாலும் போதாது. தோல் கெட்டி. மாரி முடியுமட்டும் நடக்கவேண்டி வரும்."

"கோயில் வீதிக்கு முன்னாலை கழட்டிப்போடுவன்."

"ஓம், கழட்டும்."

"முருகன் கேட்டால், உது என்ரையில்லை, பிள்ளையின்ரை எண்டு சொல்லுவன்."

"ஓம். உள்ளதுதானே."

கீரையை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, சேலையைச் சற்று உயர்த்தி, நல்லம்மா எழுந்து படியிறங்கினாள். சப்பாத்துக்குள் அவர் செருகி வைத்திருந்த தடித்த காலுறை இரண்டு சோடி, ஒன்றன்மேல் ஒன்றாக. அதன்மேல் சப்பாத்து. கால் பிசகாமல் உள்ளே இறங்கியது. ஆனால் கயிறு கட்டும் வித்தை அவளுக்குத் தெரியாது. ஒரு கையில் ஒரு நுனியும் மறு கையில் மறு நுனியுமாக, முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல நின்றாள்.

இளையதம்பியர் வேட்டியை மடித்துக்கொண்டு ஈரமண்ணில் முழந்தாளிட்டார். அவர் அவளுடைய காலைத் தொட்டது கலியாணத்தன்று, அம்மியில் தூக்கி வைத்தபோது மட்டும்தான். முப்பத்தேழு வருடம். கதிரவேலு வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுத் தன் புகையிலைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.

"கடிக்குதோ?"

"கடிக்கட்டும். நடக்க நடக்க விடும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

ஒரு காலைத் தூக்கியதில் அவளுக்கு நிலை தடுமாறியது. விழாமலிருக்கக் கையை நீட்டி, குனிந்திருந்த அவருடைய வழுக்கைத் தலையில் ஊன்றிக்கொண்டாள். அவர் கயிற்றை இழுத்து, துளை துளையாக இறுக்கி, மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். இருபத்தெட்டு வருடம் காட்டிலும் மழையிலும் அவிழாத அதே முடிச்சு. பிழையில்லாமல் விழுந்தது. தலையில் ஊன்றிய கை எடுபடவில்லை. இளையதம்பியர் அந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்துவிட்டு, அடித்துளையிலிருந்து மறுபடி கட்டத் தொடங்கினார்.