பிரேக் மிதிக்குப் பின்னால் நான் வைத்த பழம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷமாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழையைவிட, செய்த பிழைதான் கூச்சமாக இருந்தது. அம்மனை நினைத்துக்கொண்டு இன்று எழுதிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு வளவனூரில் புதுச்சேரி பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. வில்லியனூர் வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன். என் மகள் நித்யா புதுச்சேரியில் பந்தயக் கார் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பிள்ளைகள் சேர்ந்து செய்த காருக்கு அன்று சோதனை. தேறினால்தான் சென்னைப் பக்கம் பந்தயத் தளத்தில் ஓட்டலாம். ஆள் எடுக்கிறவர்கள் அங்கேதான் வருவார்கள். பிரேக் முழுவதும் என் மகள் பொறுப்பு.

எட்டு மணிக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயில். ஆட்டோ இருநூறு ரூபாய். அம்மன் பாதத்தில் வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்கும் அதே ஆட்டோ, இன்னும் இருநூற்றைம்பது. என்ன விசேஷம் என்று டிரைவர் கேட்டார். பொண்ணு ரேஸ் கார் செய்கிறது என்றேன்.

“ஈசிஆர்ல பறக்குறவனுங்க பத்தலன்னு பொண்ணையும் அனுப்புறீங்களாண்ணே?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்குத் தொழிற்பேட்டை. வாடகை ஷெட்டில் கார் நின்றது. கதவும் கூரையும் கிடையாது, இரும்புக் குழாயில் கட்டிய தொட்டில் மாதிரி, என் இடுப்புக்குக் கீழேதான் உயரம். சக்கரத்தடியில் பழம் வைக்கட்டுமா என்று நித்யாவிடம் கேட்டேன்.

“கார்ல ஒண்ணும் வெக்காதப்பா, கட்டாத. ஒரு நூல் தொங்குனாக்கூட வெளிய தள்ளிடுவாங்க.”

தலையாட்டினேன். ஆனால் பழம் வைக்காமல் ஒரு புது வண்டி கிளம்பி நான் பார்த்ததில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, வெளியே தெரியாதபடி காரின் மூக்குக்குள் கைவிட்டு வைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்குப் பக்கத்துச் சிமென்ட் களத்தில் சோதனை. கார் ஓடி வந்து, ஒரே மிதியில் நான்கு சக்கரமும் இறுகி நிற்க வேண்டும். முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. இருப்பது மூன்று வாய்ப்பு. தரையில் நாலு சொட்டு ஈரம். பிரேக் ஆயில் கசிகிறது என்று எழுதிக்கொண்ட சோதனை அதிகாரி, ஒன்றரை மணி வரை நேரம் கொடுத்தார். நித்யா தொட்டுப் பார்த்தாள். கிரீஸ் படிந்த கைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தாள். தன் கணக்குத்தான் தப்பு என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக்குள் வைத்த பழம் உருண்டு, அங்கேயே இருக்கும் பிரேக் மிதிக்குப் பின்னால் சிக்கியிருக்கிறது. களத்தைச் சுற்றிய வேலிக்கு இந்தப் பக்கம் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பழம் தானாக விழுந்துவிட வேண்டும் தாயே என்று வேண்டினேன். பேச வாய் கொடுத்தவளிடமே, பேசாமல் தப்பிக்க வழி கேட்டேன். இத்தனை பேர் முன்னால் மகளுக்குத் தலைகுனிவு ஆகுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தது என் தலைக்குத்தான். இப்படியே இருபத்தைந்து நிமிஷம்.

பிறகு உள்ளே போனேன். “பாப்பா, அது ஆயில் இல்ல. நான் வெச்ச பழம்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையில் படுத்துக் கைவிட்டு, நசுங்கிய தோலை எடுத்தாள். “போய் அங்க உக்காருப்பா” என்றாள், அவ்வளவுதான்.

கழற்றியதையெல்லாம் மாட்டி, குழாயில் புகுந்த காற்றை எடுத்து, ஒன்று இருபத்தைந்துக்குக் காரை ஓட்டினார்கள். நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. சோதனைத் தாளில், முதலில் தவறியதற்குக் காரணம் எழுதும் இடத்தில் அவள் எழுதினாள்: ‘எலுமிச்சம்பழம். வைத்தவர் என் அப்பா. ஓட்டுவதற்கு முன் உள்ளே பார்க்காதது என் தவறு.’ அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் அந்தக் கார் பாதியிலேயே நின்றுபோனது. ஆனால் தாளைப் படித்த அதிகாரி, கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் குழுவுக்கு அவளைப் பற்றிச் சொல்லிவிட்டார். இப்போது அங்கே பிரேக் பார்க்கிறாள்.

அம்மன் பழம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள். அம்மன் அருளில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொல்லுங்கள். அந்த இருபத்தைந்து நிமிஷத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.