கையில் கட்டி வந்த வாட்ச்

சாந்தோமில் பிசிக்ஸ் வாத்தியாராக இருக்கும் இக்னேஷியசுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஜப்பான் வாட்ச் மேல் மட்டும்தான் பைத்தியம். அதிலும் தி. நகர் கடைகளில் கிடைப்பது ஆகாது. ஜப்பானில் மட்டுமே விற்கும் நீல முகப்பு மாடல்தான் வேண்டும். அது கிழமையை அந்த ஊர் எழுத்தில் காட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் என்ன? ஆன்லைனில் தேடாத இடமில்லை. இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம் என்று கையை விரித்தார்கள். அனுப்புகிற ஒன்றிரண்டு பேரிடம் வாங்கலாமென்றால் கஸ்டம்ஸ் வரி கண்ணைக் கட்டியது.

கடைசியில் மாட்டியவள் ஜொவிட்டா. சர்ச் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடும் சிநேகிதர் ஃபீலிக்ஸின் மகள், ஒசாகாவில் வேலை. நச்சரித்தே வாங்கவைத்துவிட்டார். கிறிஸ்துமசுக்குக் கொண்டுவருவதாக இருந்தாள்.

அதற்குள் ஃபீலிக்ஸ் மாரடைப்பில் போய்விட்டார். இக்னேஷியஸ் அழுதுகொண்டேதான் அவளுக்குச் செய்தி அனுப்பினார்: "தைரியமா இரும்மா, நாங்க இருக்கோம்." அத்தோடு விட்டிருக்கலாம். இப்போது வந்து போனால் கிறிஸ்துமசுக்கு வரமாட்டாளே என்று புத்தி ஓடியது. "வாட்ச்சைக் கையிலயே கட்டிக்கினு வந்துடு. பெட்டியில வெச்சா கஸ்டம்ஸ்ல கேப்பாங்க" என்று இன்னொன்றும் தட்டிவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அழிக்கப் போனார். அதற்குள் அவள் படித்துவிட்டாள். மனைவி ஐரினுக்கு இது தெரியாமலிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்தவள் அப்பாவின் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மெலிந்த மணிக்கட்டில் அந்தப் பெரிய ஆம்பிளை வாட்ச் வழுக்கி வழுக்கி, பெட்டிக் கண்ணாடியில் டக் டக்கென்று இடித்தது. கோடு விழுமே என்று ஒரு கணம் பதறினார். பதறியதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பா வாட்ச்சைக் கட்டிக்கினு வந்திருக்கு பாருங்க, எவ்ளோ பாசம்" என்று ஐரின் மூக்கைச் சிந்தினாள். ஜெபமாலை சொல்ல வந்த பெண்களும் அதைப் பார்த்து விசும்பினார்கள்.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் ஜொவிட்டா நேரே அவரிடம் வந்தாள். பக்கத்திலேயே ஐரின். பெண் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ வாட்ச்சைக் கழற்றி, ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

"நீங்க மெசேஜ்ல சொன்ன மாதிரியே கட்டிக்கினு வந்துட்டேன் அங்கிள். கஸ்டம்ஸ்ல ஒண்ணும் கேக்கல."

"எப்ப மெசேஜ் பண்ணீங்க?" என்றாள் ஐரின்.

வெட்கக்கேடு, அவர் கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது.