சிவப்பு மையில் அடித்த பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலையில் நான் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் நடந்தது இது. நான் கணினித் துறை ஆசிரியை. பாடம் நடத்துவது போதாதென்று, மாணவர்களை வேலைப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்த வருடம் கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு லாட்ஜோடு கல்லூரி ஒப்பந்தம் போட்டது. முதல்வரும் லாட்ஜ் முதலாளியும் கைகுலுக்கும் படம் ஃப்ளெக்ஸாக வாசலில் தொங்கியது. பதினைந்து நாள் போய், ரூம் பதிவு செய்யும் சாஃப்ட்வேரைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று பேச்சு. முதலாளி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். எந்தப் பதினைந்து நாளாக இருந்தாலும் நடுவில் பௌர்ணமி வரவேண்டும். கிரிவலக் கூட்டத்தைச் சமாளிக்கச் சம்பளமில்லாத ஆள் தேடுகிறார் என்று இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். ஒருநாள்கூட அங்கே போய் எட்டிப் பார்க்கவில்லை.

தினமும் கற்றதை டைரியில் எழுதி, லாட்ஜ் சீல் வாங்கி, என்னிடம் கையெழுத்துக்குத் தரவேண்டும். மற்ற பிள்ளைகள் சாமர்த்தியசாலிகள், இன்டர்நெட்டில் பார்த்து எழுதிவிட்டார்கள். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பெண் மட்டும் உள்ளதை எழுதியிருந்தாள். தலையணை உறை மாற்றினேன், பக்கெட் எடுத்துக் கொடுத்தேன், கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை.

பௌர்ணமி அன்றைய பக்கம் நீளமாக இருந்தது. ஒரே ரூமை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். சண்டை முற்றியதும் மேனேஜர் நழுவிவிட்டார். இவள் பக்கத்து லாட்ஜ்களுக்குப் போன் போட்டு, கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, பிறகு எந்த ரூம் யாருக்கு என்று ஒரு தாளில் கட்டம் போட்டு கவுன்ட்டரில் ஒட்டியிருக்கிறாள். அதன்பின் குழப்பமே வரவில்லையாம்.

அந்தப் பக்கத்தைத்தான் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தேன்.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வர்றாங்க. இதையெல்லாம் யாரும்மா எழுதச் சொன்னா?"

"நடந்ததத்தான் எழுதினேன் மேடம்."

"சாஃப்ட்வேர் கத்துக்கிட்டேன்னு வேற டைரியில எழுதி, சீல் வாங்கிட்டு வா."

இரண்டே நாளில் எழுதிக்கொண்டு வந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஹோட்டல்களுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சென்னை கம்பெனி நேர்காணலுக்கு வந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் கல்யாணம்தான் என்று அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். பொறுப்பாளர் என்பதால் நானும் அந்த அறையில் இருந்தேன். வந்தவர் நான் கையெழுத்திட்ட அந்தப் புது டைரியைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"ஒரே ரூம் ரெண்டு பேருக்குப் பதிவாயிட்டா அங்க எப்படி சரி பண்ணீங்க?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஃபைலை அடுக்க ஆரம்பித்தேன்.

"தெரியலைங்க சார்."

இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அதற்கும் அதே பதில். அவள் போனபின், "எழுதினது ஒண்ணுகூட தெரியலையே மேடம், காப்பி அடிச்சிருக்கும் போல" என்றார். நான் அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

வெளியே வந்து, "அந்தப் பௌர்ணமி விஷயத்த சொல்லியிருக்கலாமேம்மா?" என்று அவளிடம் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ.

"அதச் சொன்னா டைரி பொய்யின்னு ஆயிடும். அதுல உங்க கையெழுத்து இருக்குல்ல மேடம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஆவணியில் அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

அன்றே அந்த நேர்காணல் அறைக்குத் திரும்பிப்போய் உண்மையைச் சொல்லியிருந்தால் முதல்வரிடம் நாலு திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். லாட்ஜ் ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது, ஃப்ளெக்ஸை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் டைரிக்கட்டு என் மேஜைக்கு வரும்போது, நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரு பிள்ளையாவது இருக்குமா என்று கடைசிப் பக்கம் வரை தேடுகிறேன். ஒருவரும் எழுதுவதில்லை, எழுதக்கூடாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.