தாசில்தார் தின்ற நேந்திரம்

மேட்டுப்பாளையத்துப் பக்கம் வாழை போட்டிருந்த பாலகோபாலுக்கு ஒரு வியாதி இருந்தது. வாசலுக்கு வந்தவர் யாரானாலும் வயிறு நிறையாமல் திரும்பக் கூடாது. கரண்ட் பில் கட்டவில்லையென்று ஃபியூஸைப் பிடுங்க வந்த லைன்மேனுக்கே இட்லி போட்டவர் அவர். அந்த மகராசனும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பிடுங்கினான்.

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, சித்திரையில் அடித்த சூறைக்காற்று, தார் முற்றாத நேந்திர வாழையை மொத்தமாகச் சாய்த்துவிட்டது. மனுஷன் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்ற சேதி வந்த பிறகுதான் எழுந்தார். அந்தப் பணம் வந்தால் கன்று வாங்கி நடலாம். வராவிட்டால் வீட்டிலிருக்கும் ஒரே கறவை மாட்டை விற்க வேண்டும். அது மனைவி பங்காரம்மா கன்றுக்குட்டியிலிருந்து செல்லமாக வளர்த்த மாடு.

சேதத்தைப் பார்க்கத் தாசில்தார் உடனே வந்துவிட்டார். அதாவது, ஒரு மாசம் கழித்து. பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி விழுந்த மரங்களைத் தொடாமல் அழுகவிட்டிருந்தார். நம் ஆளுக்கு அது பொறுக்குமா? பெரிய மனுஷர் வருகிற இடம் குப்பையாகக் கிடக்கலாமா என்று மரம், பிஞ்சுத்தார் எல்லாவற்றையும் வெட்டி அப்புறப்படுத்தி, கல்யாண வீடு மாதிரி கூட்டி வைத்துவிட்டார். மிஞ்சியது அடிக்கட்டைதான்.

அதோடு விட்டாரா? வாழைத்தோட்டத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் ஊர் சிரிக்காதா? மண்டியில் கடன் சொல்லி, நன்கு பழுத்த நேந்திரந்தார் ஒன்றை வாங்கிவந்து வீட்டுக்குள் தொங்கவிட்டார்.

ஜீப் வந்தது. பங்காரம்மா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். சேதம் பார்க்க வந்தவர்கள் குழம்புச் சட்டிக்குப் பெருஞ்சேதம் விளைவித்தார்கள். பிறகு தாசில்தார் ஒரு பழத்தை உரித்துக் கடித்தார்.

"அடடா! ஏனுங்க, இது கடையில வாங்குனதுங்களா?"

அந்த மாசாணியம்மனே நேரில் வந்தாலும் இதைவிட நல்ல சமயம் கொடுக்க மாட்டாள். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் விருந்தாளியிடம் விலைக்கு வாங்கிய பழம் என்று சொல்ல அவருக்கு நாக்கு புரளுமா?

"சேச்சே! என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நம்ம தோட்டத்துப் பழமுங்க!"

தாசில்தார் சந்தோஷமாகத் தலையாட்டினார். மிச்சத் தாரும் ஜீப்பில் ஏறியது. அறுவடை முடிந்த தோட்டம், சேதம் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்காத மயில்சாமிக்கு நிவாரணம் வந்துவிட்டது.

பாலகோபால் தாலுகா ஆபீசுக்கு ஓடினார். "அது மண்டியில வாங்குன பழமுங்க, சார்."

"நீங்கதானுங்களே உங்க தோட்டத்துதுன்னீங்க? பழுத்த தார் இருந்தா அறுவடை ஆயிருச்சுன்னுதானுங்க அர்த்தம். அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?" தாசில்தார் பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "ஆனா பழம் அருமைங்க."

அடுத்த வாரம் மாட்டு வியாபாரி நஞ்சப்பன் கயிற்றோடு வந்தார். பங்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார். நஞ்சப்பன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பால் நல்லா கெட்டியா இருக்குதுங்களேக்கா! வாங்குன பாலுங்களா?"

பங்காரம்மா புருஷனைப் பார்த்தார். பாலகோபால் மாட்டைப் பார்த்தார்.

"நம்ம மாட்டுப் பாலுங்க," என்றார். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.